பதினேழாம் எண் பால்

காலையில் அனுப்பிய டேங்கர் பத்தரை மணிக்கெல்லாம் திரும்பி வந்து வாசலில் நின்றது.

பால் நிலையத்தின் பரிசோதனை அறையில் இருந்தவளுக்கு எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காலியாகத் திரும்பும் டேங்கர் வாசல் மேட்டில் ஏறும்போது கடகடவென்று குதிக்கும். இன்று முக்கி முனகிக்கொண்டு ஏறியது. போன பால் போனபடியே திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவளை அங்கே எல்லோரும் 'கோடு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனை நாளென்றால் முழுக்க அவள் பார்ப்பது கோடு. ஒரு சின்னக் குப்பியில் பாலை எடுத்து, பொடி கலந்து, சூடு காட்டி, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தினால் சில நிமிடங்களில் இரண்டு சிவப்புக் கோடுகள் விழும். இரண்டும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் பால் சுத்தம். ஒன்று வெளுத்துப்போனால், மாட்டின் நோய்க்கு ஏற்றிய ஆன்டிபயாடிக் மருந்து பாலில் இறங்கியிருக்கிறது. பதினாறு வருடமாக இதே வேலை. கண்ணை மூடினாலும் இமைக்குள் இரண்டு கோடு தெரிகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்வாள். "அப்ப நான் எந்தக் கோடு?" என்பார் அவர். சிரிக்கத் தெம்பிருந்தால் சிரிப்பாள்.

டேங்கர் டிரைவர் உள்ளே வந்து, பெரிய பால் ஆலையில் கொடுத்த சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"என்னக்கா, உங்க பாலுக்கு அங்க வாசல்லயே கும்பிடு போட்டு அனுப்பிட்டாங்க."

"மருந்தா?"

"மருந்துதான். ரெண்டாயிரம் லிட்டர். நான் இப்ப பால் வண்டி ஓட்டுறேனா, ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுறேனான்னே தெரியல."

"எங்க கொட்டச் சொன்னாங்க?"

"கழிவுக் குழியிலதான். உங்க மேனேஜர் கையெழுத்துப் போட்டா திறந்து விடுவேன். அதையும் நீங்களே வாங்கிக் குடுத்துடுங்கக்கா. பாலைக் கொட்டுறதுக்குக் கையெழுத்துக் கேக்க எனக்கு வாய் வர மாட்டேங்குது."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆறு மாதமாகத் தூக்கமில்லாதவர்போல் இருப்பார். மேலிடத்திலிருந்து மாதத்துக்கு ஒரு பெட்டி பட்டைதான் வரும். அதனால் இங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் சோதனை. தினமும் சோதிப்பது பெரிய ஆலையில்.

"சாயங்காலப் பால் வர்றதுக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சாகணும்மா. நாலு மணிக்கு அறிக்கை போகணும். எத்தனை பட்டை இருக்கு?"

"பன்னெண்டு."

"நாப்பத்து மூணு பேருக்கா?"

"பார்க்கிறேன் சார்."

நிலையத்துக்குப் பால் ஊற்றுபவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் பாலிலும் ஒரு சின்ன பாட்டில் எடுத்து, எண் ஒட்டி, குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். இதுபோல் ஒரு நாளுக்காகத்தான் அது. அவள் நாற்பத்து மூன்று பாட்டில்களையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்தினாள். வெளியே டேங்கரின் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. இரண்டாயிரம் லிட்டர் பால் குழிக்குள் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க யாரும் ஜன்னல் பக்கம் போகமாட்டார்கள் என்பதும் தெரியும்.

பத்துப் பத்துப் பாட்டில்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டு எடுத்துக் கலந்தாள். கடைசியில் மூன்று மிஞ்சின. ஐந்து தொகுதி, ஐந்து பட்டை. இரண்டாவது தொகுதியில் கோடு பளிச்சென்று வெளுத்துவிட்டது. நாலாவது தொகுதியிலும் ஒரு கோடு கொஞ்சம் மங்கல்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டுங்கெட்டான். அதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தாள்.

இரண்டாவது தொகுதியின் பத்துப் பாட்டிலையும் இரண்டிரண்டாகச் சேர்த்தாள். இன்னும் ஐந்து பட்டை. அதில் ஒரு ஜோடி சிக்கியது. மிச்சம் இரண்டே பட்டை. பதினேழாம் எண்ணுக்கு ஒன்று, பதினெட்டாம் எண்ணுக்கு ஒன்று.

பதினெட்டு சுத்தம்.

பதினேழாம் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எண்ணைப் பார்த்துப் பெயர் தேடப் பேரேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. பதினேழு அவளுடைய நாத்தனார். வீட்டுக்காரருடைய கூடப் பிறந்த அக்கா.

நாலு மாடு. வேறு வருமானம் கிடையாது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாலு மாட்டை வைத்துத்தான் அவர் தலை நிமிர்ந்து நிற்கிறார். "எங்க பாலா? கண்ணை மூடிக்கிட்டுக் கைக்குழந்தைக்குக் குடுக்கலாம்" என்று நாத்தனார் சொன்னால், எதிரிலிருப்பவர்களும் ஆமாம் என்பார்கள். அவ்வளவு சுத்தம். தம்பி பெண்டாட்டியான இவள் பாத்திரம் துலக்குகிற அழகைப் பார்த்து முகம் சுளிக்கிற ரகம்.

மருந்துப் பால் ஊற்றியவர் என்று அறிக்கையில் எழுதினால் அன்றைக்கே பால் நிறுத்தம். மாடு குணமாகி, மூன்று முறை அடுத்தடுத்துச் சோதனையில் சுத்தமாக வந்தால்தான் மறுபடி சேர்ப்பார்கள். பட்டை இருக்கிற இருப்பில் அது எந்த மாதத்தில் முடியுமோ?

அறையில் யாரும் இல்லை. பெட்டி காலி. இனி யாரும் மறுபடி சோதித்துப் பார்க்க முடியாது. கையிலிருக்கும் பட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, 'பட்டை தீர்ந்தது, ஆள் தெரியவில்லை' என்று எழுதலாம். ஆனால் ஆள் தெரியவில்லையென்றால் அந்தத் தொகுதியிலிருக்கும் பத்துப் பேரையும் நிறுத்துவார்கள். அதுதான் விதி. பதினொன்றாம் எண்காரியின் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பதினான்காம் எண்காரர் ஒற்றை மாட்டுக்காரர்.

பட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மேனேஜரிடம் ஒரு மணி நேரம் வெளியே போய்வருவதாகச் சொன்னாள்.

"ஆள் கிடைச்சுதா?"

"வந்து சொல்றேன் சார்."

நாத்தனார் வீடு நடந்தால் இருபது நிமிடம். காலையிலிருந்து நின்ற கால்கள் ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டன. கொட்டகை வாசலிலேயே நாத்தனார் நின்றிருந்தார், கையில் துடைப்பத்தோடு.

"என்னடி அதிசயம்! வேலை நேரத்துல? என் தம்பிக்கு உடம்பு ஏதாவது?"

"அவருக்கென்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கார். சும்மாதான் வந்தேன்."

"நீயாவது சும்மா வர்றதாவது. உக்காரு. மூஞ்சியப் பாரு, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி. சாப்பிட்டியா?"

"மாட்டுக்கு எதுவும் சரியில்லையா அண்ணி?"

கேட்டதுதான் தாமதம். நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. திறமையைக் காட்ட ஆள் கிடைத்துவிட்டதே!

"நீ எப்படிக் கண்டே? கறுப்பிக்கு மடிநோய். பின்பக்கத்து வலது காம்பு கல்லு மாதிரி வீங்கிப் போச்சு. பால் திரிதிரியா வந்துச்சு. வா, வந்து பாரு."

கொட்டகைக்குள் நாலு மாடுகளும் கழுவித் துடைத்த மாதிரி நின்றன. கறுப்பி என்ற மாட்டின் பின்னங்காலில் நீலத்துணி ஒன்று கட்டியிருந்தது. மருந்து போட்ட மாட்டுக்கு அடையாளம் கட்ட வேண்டுமென்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி செய்கிற ஒரே ஆள் நாத்தனாராகத்தான் இருப்பார். சுவரோரம் ஒரு தனி வாளி, மூடி போட்டு.

"அந்த வீங்கின காம்புப் பாலை இந்த வாளியிலதான் பீச்சுவேன். பீச்சி, தூரமாக் குழி தோண்டிக் கொட்டிடுவேன். மத்த பாலோட ஒரு சொட்டுக் கலக்க விட்டேனான்னு கேளு! அதுக்கப்புறம் சோப்புப் போட்டுக் கைகழுவிட்டுத்தான் மத்த மூணு காம்பையும் தொடுவேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மத்த மூணு காம்புப் பால்?"

"அதுக்கென்ன? அது நல்ல பால். கேன்லதான் ஊத்துறேன்."

"மருந்து எத்தனை ஏத்தினீங்க?"

"மருந்துக் கடைக்காரர் காம்புக்குள்ள ஒரு ட்யூபுன்னார். சீக்கிரம் ஆகட்டுமேன்னு ஒரு வேளைக்கு ரெண்டு ஏத்தினேன். நம்ம மாடுதானே, நாமதானே பாக்கணும்?"



"அண்ணி, மருந்து போட்ட காம்போட நிக்காது. ரத்தத்துல ஏறி மடி முழுக்கப் போயிடும். நாலு காம்புப் பாலையும் கொட்டணும். மருந்து நிறுத்தினப்புறமும் அட்டையில எத்தனை நாள்னு போட்டிருக்கோ அத்தனை நாள் கொட்டணும்."

"நாலையுமா?"

"நாலையும்."

"போடி. நோவு ஒரு காம்புல. மூணு காம்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

"இன்னிக்கு டேங்கர் திரும்பி வந்துடுச்சு அண்ணி. ரெண்டாயிரம் லிட்டரையும் குழியில விட்டாச்சு."

நாத்தனார் துடைப்பத்தைக் கீழே போட்டார். போட்டவர் அதை மறுபடி எடுத்து மூலையில் சாத்தினார். அவர் கொட்டகையில் எதுவும் தரையில் கிடக்காது.

"என்னாலயா?"

அவள் கைப்பையிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினாள். ஒரு கோடு வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியாதுன்னுதானே ஞாயித்துக்கிழமை உனக்குப் போன் போட்டேன்? ஒரு தடவையா, மூணு தடவை! நீ எடுக்கல. தூங்குறியாக்கும்னு விட்டுட்டேன். மருந்துக் கடைக்காரரைத்தான் கேட்டேன். அவர்தான் சொன்னார், ஏத்துன காம்புப் பாலை மட்டும் கொட்டுன்னு."

அவள் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலில் கிடந்தபடி போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாத்தனார் பெயர் திரையில் வந்ததும், 'உன் புருஷன் அக்கா வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேங்கிறான்' என்ற அரை மணி நேரப் பாட்டுத்தான் என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு. மூன்று தடவையும் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

"தூங்கல அண்ணி. பார்த்துட்டுத்தான் எடுக்கல."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"யாருக்காவது ஏதாவது ஆயிடுமா? பிள்ளைங்க குடிச்சிருந்தா?"

"உடனே ஒண்ணும் ஆகாது. சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்காது, தடிச்சுப் போகும். மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய்க்கிட்டே இருந்தா, கிருமிக்கு மருந்து பழகிடும். நாளைக்கு நிஜமாவே காய்ச்சல்னு படுத்தா, அதே மருந்து கேக்காது."

"கைக்குழந்தைக்குக் குடுக்கலாம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே." மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார் நாத்தனார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதித்தான் ஆகணுமா? உன் கையிலதானே இருக்கு?"

"எழுதலன்னா உங்களோட சேர்த்துப் பத்துப் பேரையும் நிறுத்துவாங்க."

"பத்துப் பேருமா?" விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினொன்றிலிருந்து இருபதுவரை யார் யார் என்று அவருக்கும் தெரியும். பதினான்காம் எண்ணுக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். "சரி, போ. நாலு மணியாகப் போகுது. போய் எழுது. சாப்பிட்டுப் போன்னு சொல்ல எனக்கு இன்னிக்கு மனசு வரல."

நிலையத்துக்குத் திரும்பியதும் அறிக்கைத் தாளை எடுத்தாள். எண் என்ற இடத்தில் பதினேழு என்று எழுதினாள். பெயரையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பக்கத்தில் நின்ற மேனேஜர் எடுத்துக் கொடுத்தார்.

"உற்பத்தியாளரின் கவனக்குறைவுன்னு போடுங்க. எப்பவும் போடறதுதானே?"

அவள் எழுதியது வேறு: 'ஒரு காம்பில் மருந்து ஏற்றினால் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும் என்று உற்பத்தியாளருக்குத் தெரியாது. கேட்க முயன்றபோது நிலைய ஊழியர் பதில் சொல்லவில்லை.'

மேனேஜர் குனிந்து படித்தார்.

"எந்த ஊழியர்?"

"நான்தான் சார்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? கேள்வி வரும். மெமோ வரும்."

"வரட்டும் சார். நின்னுக்கிட்டே வாங்கிக்கிறேன். உக்காந்தா தூங்கிடுவேன்." தாளை அவரிடம் நீட்டினாள். "இன்னொண்ணு. நாலாவது தொகுதியும் சரியில்லை. கோடு மங்கலா இருந்துச்சு. ஒரே ஆள் பால் ரெண்டாயிரம் லிட்டரைக் கெடுத்திருக்குமான்னும் சந்தேகமா இருக்கு. பார்க்கலாம்னா பட்டை இல்லை."

"அம்மா, ஒரு ஆள் கேட்டாங்க, ஒரு ஆள் கிடைச்சாச்சு. இதோட மூடுங்க. தோண்டத் தோண்டப் பூதம்தான் வரும்."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவளுக்கு வாதாடத் தெம்பு இல்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் அவளோடு பேசவில்லை. "எங்கக்காதான் கிடைச்சாளா உனக்கு?" என்ற ஒரே கேள்வியோடு சரி. சாப்பிட்ட தட்டை மட்டும் அவரே கழுவி வைத்தார். அது கோபமா சமாதானமா என்று யோசிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நிலையத்து வாசலில் கேன்கள் வரிசை கட்டின. செய்தி கேன்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"பதினேழாமே? சுத்தத்துக்குப் பொறந்தவங்களாச்சே!"

"நம்ம கேனை மோந்து பாத்து மூக்கைச் சுளிப்பாங்களே, அவங்கதானே?"

"கோடு அக்காவோட சொந்தம். நேத்துவரைக்கும் மூடி வச்சிருந்தாங்களோ என்னவோ?"

அவள் காதில் விழுந்தது. விழாததுபோல் முதல் கேனின் மூடியைத் திறந்தாள். அப்போதுதான் வரிசை சட்டென்று அடங்கியது. நாத்தனார் வந்துகொண்டிருந்தார். கேன் இல்லை. இரண்டு கையும் வெறுமனே. குளித்து, தலைவாரி, எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பியவர்போல் நேராக வரிசையின் முன்னால் வந்து நின்றார்.

"பதினேழு நான்தான். எல்லாரும் மென்னு முழுங்காதீங்க, நானே சொல்லிடறேன். எங்க கறுப்பிக்கு மடிநோய். ஒரு காம்புல மருந்து ஏத்தினேன். அந்தக் காம்புப் பாலைக் கொட்டிட்டு மத்த மூணையும் கேன்ல ஊத்தினேன். அது தப்பாம். மருந்து மடி முழுக்கப் போகுமாம். நாலு காம்புப் பாலையும் கொட்டணுமாம். எனக்குத் தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுல எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க."

வரிசையில் சிலர் தங்கள் கேன் மூடியையே பார்த்தார்கள்.

"ஒரு காம்புல ஏத்தினா ஒரு காம்புதானே..." என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் இழுத்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"அதான். நானும் அப்படித்தான் நினைச்சேன். வாங்க, வந்து என் பக்கத்துல நில்லுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றது. முப்பத்திரண்டாம் எண்காரி, நாலாவது தொகுதி, குனிந்து தன் கேனைத் தூக்கினாள். வரிசையை விட்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் சைக்கிள்காரர் ஒருவர் இறக்கி வைத்த கேனை மறுபடி கட்டினார். "எங்க வீட்டுக்காரி மாட்டுக்கு ரெண்டு நாளா ஊசி போடறா. ஊசிக்கும் அப்படித்தானா?" என்று கோடு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஊசிக்கும் அப்படித்தாங்க. ஊசிக்கு இன்னும் மோசம்."

"கெட்டுது போ" என்றபடி சைக்கிளைத் திருப்பினார்.

ஒன்று, இரண்டு, ஐந்து என்று கேன்கள் வரிசையிலிருந்து நகர்ந்தன. எட்டாவது கேனுக்குப் பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். சற்று முன் கேலி பேசியவர்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேனேஜர் வாசலுக்கு ஓடிவந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க? டேங்கர் பாதிகூட நிறையாது போல இருக்கே! மேல நான் என்ன சொல்லுவேன்?"

"உள்ளதைச் சொல்லுங்க சார். கூடவே நாலு பெட்டி பட்டை கேளுங்க."

அவர் காலியாகிக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்துவிட்டு, கேட்கிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

நாத்தனார் புறப்படத் திரும்பினார். அவள் பக்கம் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எனக்கு எப்ப மறுபடி?"

"மாடு நல்லாகணும் அண்ணி. அப்புறம் மூணு தடவை சுத்தமா வரணும். பட்டை வந்தா சீக்கிரம் பார்த்துடலாம்."

"மத்த மூணு மாட்டுப் பாலும் அதுவரைக்கும் வீணா?"

"விதி அப்படி."

"விதியா? நல்லா இருக்கு உங்க விதி." நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "என் தம்பிகிட்டச் சொல்லு, சாயங்காலம் வந்து ரெண்டு குழி தோண்டிக் குடுக்கணும். இருக்கிற குழி பத்தாது."

"சொல்றேன்."

"சொல்றதென்ன, கூட்டிட்டு வா. நீயும் வா. பீச்சிக் கொட்டறதை ஒத்தையாப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியல."

பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிட்டார். அவள் அடுத்த கேனை இழுத்தாள். இருபத்தொன்றாம் எண். கேனுக்குப் பின்னால் நின்ற பெண் மூடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

"அக்கா, எங்க மாட்டுக்குப் போன வாரம் வயித்துப்போக்குக்கு மாத்திரை குடுத்தோம். அது கணக்குல வருமா, வராதா?"

"என்ன மாத்திரை? அட்டை இருக்கா?"

"வீட்ல இருக்கு."

"அப்ப கேனை ஓரமா வையும்மா" என்றாள் அவள். "போய் எடுத்துட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."